ரிப்பிங்: உரிப்பா, பிரிப்பா, படியெடுப்பா?

காட்பாடியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி), டிவிடி ஆடியோ வட்டுகளை வீட்டு இசைவழங்கியில் சேர்ப்பதற்கான தமிழ் வழிகாட்டியின் சொல்லடைவு ஏறக்குறைய முடிந்துவிட்டது. சர்வர் வழங்கி, லாஸ்லெஸ் இழப்பிலா, சாம்பிளிங் மாதிரியெடுப்பு, டிராக் தடம், மெட்டாடேட்டா மேல்தரவு. வட்டில் உள்ள ஒலியைக் கணினிக் கோப்பாக எடுக்கும் ‘ரிப்பிங்’ மட்டும் நிற்கிறது.

இணையத்தில் கிடைப்பவை மூன்று: கிழித்தல், உரித்தல், பிரித்தெடுத்தல். முதலாவது இயந்திர மொழிபெயர்ப்பு, தள்ளிவிடலாம். என் முன்மொழிவு ‘வட்டுரிப்பு’. சின்னச் சொல், வினையாகவும் நன்றாக வரும்: வட்டை உரி, உரித்த கோப்பு, உரிப்பி. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

ஆம்பூரிலிருந்து

காட்பாடி அண்ணாவுக்கு வணக்கம். உரிப்பு வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கும் உரித்தல் என்றால் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும்தான் முதலில் நினைவுக்கு வரும். உரித்த பிறகு உடல் வேறு, தோல் வேறு, பழையபடி சேராது. வட்டில் நடப்பது அதுவல்ல. வேலை முடிந்ததும் வட்டு அப்படியே உறைக்குள் போகிறது, அதிலிருந்து ஒரு பிட்கூடக் குறைவதில்லை. எதையோ கழற்றி எடுப்பதாகச் சொல்லும் சொல், படிப்பவருக்குத் தவறான படத்தைக் காட்டும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ரிப் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. வட்டில் உள்ளதை அப்படியே ஒரே கோப்பாக எடுப்பது, அதைத் தடம் தடமாகப் பிரிப்பது, பிரித்ததை வேறு வடிவத்துக்கு மாற்றுவது. சாதாரண குறுந்தகட்டில் ஒரே மென்பொருள் மூன்றையும் ஒரு பொத்தானில் முடித்துவிடுவதால் வித்தியாசம் தெரியாமல் போனது. எஸ்ஏசிடியில் மூன்றும் தனித்தனிக் கருவி, தனித்தனித் தவறு. நாமும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவந்தவர்கள் ஆவோம்.

குடியாத்தத்திலிருந்து

> மூன்றும் தனித்தனிக் கருவி, தனித்தனித் தவறு

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. ஆனால் எனக்குப் பிரித்தெடுத்தல் போதும் என்று தோன்றுகிறது. பெரும்பாலோர் பயன்படுத்தும் கட்டளைவரி மென்பொருளின் பெயரிலேயே ‘எக்ஸ்ட்ராக்ட்’ இருக்கிறது. செய்முறையை எழுதிவிடுகிறேன், சொல் பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

சோனியும் ஃபிலிப்ஸும் 1999-இல் கொண்டுவந்த எஸ்ஏசிடியின் உயர்தர அடுக்கைக் கணினியின் டிவிடி டிரைவ் படிக்காது. ஹைப்ரிட் வட்டை (எஸ்ஏசிடி அடுக்கோடு குறுந்தகட்டு அடுக்கும் உள்ளது) செருகினால் குறுந்தகட்டு அடுக்கு மட்டும் தெரியும். பலரும் ஏமாறும் இடம் இதுதான். பாட்டு வரும், கோப்பு வரும், எஸ்ஏசிடியை எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அளவைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சுருக்காத குறுந்தகட்டு ஒலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 எம்பி. எஸ்ஏசிடியின் ஒலி வடிவமான டிஎஸ்டி, இரு சேனலில் நொடிக்கு 28,22,400 பிட் வீதம் இரண்டு சேனல், அதாவது நிமிடத்துக்கு 42.3 எம்பி.

ஆகவே மீடியாடெக் சில்லு உள்ள சில பழைய புளூரே பிளேயர்கள் வேண்டும். ஒப்போ 103, 105, பயனியர் 160, சோனியின் சில மாடல்கள் என்று பட்டியல் உண்டு. முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் 3-உம் ஆகும், ஆனால் அதன் நிலைப்பொருள் (ஃபர்ம்வேர்) 3.55-ஐத் தாண்டியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை தொடக்கத்தில் இருந்தது. பிளேயர் என்றால்:

ஃபேட்32 வடிவில் அமைத்த சிறிய பென்டிரைவில் ‘ஆட்டோஸ்கிரிப்ட்’ கோப்புறையை (பிளேயரில் தானாக ஓடும் நிரல் உள்ளது) வையுங்கள். பிளேயர் அமைப்பில், வட்டு செருகியதும் தானாகப் பாடும் வசதியை அணையுங்கள். ஹைப்ரிட் வட்டில் எந்த அடுக்கு என்று கேட்டால் சூப்பர் ஆடியோ அடுக்கைத் தேர்ந்தெடுங்கள். பிளேயரும் கணினியும் ஒரே ரவுட்டரில் கம்பி வழியாக இணைந்திருக்கட்டும். வைஃபையில் இடையில் அறுந்துபோனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வட்டைச் செருகி, பென்டிரைவைச் சொருகி, கணினியில் பிளேயரின் ஐபி எண்ணையும் 2002 என்ற போர்ட்டையும் கொடுத்து, முதலில் வட்டு விவரத்தை அச்சிடும் கட்டளையை மட்டும் ஓட்டுங்கள். தடங்களின் பெயர் திரையில் வந்தால் இணைப்பு சரி. அப்புறம்தான் முழு ஐஎஸ்ஓ, அதாவது வட்டு முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு. நேரடியாகத் தடங்களை எடுக்கவும் வழி உண்டு, எடுக்காதீர்கள்.

வட்டில் கைரேகை இருந்தால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. கழுவ நேர்ந்தால் நம் பக்கத்து போர் தண்ணீர் ஆகவே ஆகாது. காய்ந்ததும் உப்புப் புள்ளி நிற்கும், அதன் மேல் லேசர் தடுமாறும். ஆர்ஓ தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

எடுத்து முடித்ததும் அதே வட்டை இன்னொரு முறை எடுத்து, இரண்டு ஐஎஸ்ஓவின் எம்டி5 எண்ணை (கோப்பின் தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். குறுந்தகட்டுக்கு அக்யூரேட்ரிப் என்ற பொதுத் தரவுத்தளத்தில் சரிபார்க்கலாம். இங்கே இரண்டு முறை எடுத்து ஒப்பிடுவதே நம்பகமான சோதனை.

வாலாஜாபேட்டையிலிருந்து

குடியாத்தம் தம்பி எழுதியதைப் படித்ததும் இது நமக்குத் தெரிந்த வேலை என்று தோன்றியது. கல்வெட்டுக்காரர்கள் செய்வது இதையேதான்.

விரிஞ்சிபுரம் கோயில் சுவரிலோ திருவலத்திலோ மைப்படி எடுப்பதைப் பாருங்கள். கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளை எழுத்தின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். பிறகு மை ஒற்றுவார்கள். மேட்டில் மை பிடிக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். தாளை எடுத்தால் கல் கல்லாகவே இருக்கும். தாளில் இருப்பது வாசிப்பு அல்ல, கல்லின் மேடுபள்ளம். வட்டிலும் பள்ளமும் மேடும்தானே?

வாசிப்பது அதற்குப் பிறகு, மேசையில். ஓர் எழுத்தைத் தவறாக வாசித்தாலும் மைப்படி பத்திரமாக இருந்தால் திரும்பிப் போய்த் திருத்தலாம். கோயிலுக்கு மறுபடி போக வேண்டியதில்லை. ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டால் பிளேயரை மறுபடி தொட வேண்டியதில்லை என்பதும் அதேதான்.

ஆகவே முதல் வேலைக்குப் படியெடுப்பு. ஏட்டுப்படி, கைப்படி, திருத்தப்படி என்று ‘படி’ தமிழில் நெடுநாள் புழங்கும் சொல். ஐஎஸ்ஓவுக்கு ‘வட்டுப் பிம்பம்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு மூலப்படி எனலாம்.

ஆம்பூரிலிருந்து

படியெடுப்பு மிக நன்று ஐயா. மூலப்படியில் மட்டும் ஒரு தடை. பதிப்பியலில் மூலப்படி என்றால் எதிலிருந்து பிற படிகள் பிறந்தனவோ அது. இங்கே அது வட்டு. ஐஎஸ்ஓவை முழுப்படி என்போம். ‘முழு’வில் ஒரு பயனும் உண்டு: இரு சேனல் ஒலியும் பல சேனல் ஒலியும் வட்டின் உரைத்தரவும் சேர்ந்தே வருகின்றன என்று சொல்லிவிடுகிறது.

காட்பாடியிலிருந்து

உரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படியெடுப்பும் முழுப்படியும் சொல்லடைவில் ஏறிவிட்டன.

இரண்டாவது வேலைக்குத் தடப்பிரிப்பு. குடியாத்தம் தம்பியின் சொல்லுக்கு அதுவே சரியான இடம். இங்கே என்ன கெடும் என்பதையும் வழிகாட்டியில் எழுத வேண்டும். டிஎஸ்டியைச் சேமிக்கும் கோப்பு வகைகள் இரண்டு: டிஎஸ்எஃப் கோப்பில் மேல்தரவு எழுத இடமுண்டு, டிஎஃப்எஃப்பில் முறையான இடமில்லை. அதனால் பலரும் டிஎஸ்எஃப் எடுக்கிறார்கள். டிஎஸ்எஃப் ஒவ்வொரு சேனலையும் 4096 பைட் கட்டங்களாக அடுக்குகிறது. பாட்டு கட்டத்தின் நடுவில் முடிந்தால் மிச்சத்தைச் சுழியால் நிரப்புவார்கள். குறுந்தகட்டின் ஒலி வடிவமான பிசிஎம்மில் சுழி என்றால் அமைதி. டிஎஸ்டியில் அப்படியல்ல: ஒன்றும் சுழியும் சரிபாதி கலந்து வந்தால்தான் அமைதி, தொடர்ந்து சுழி வந்தால் அலை ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். ஆலாபனையிலிருந்து கிருதிக்குள் இடைவெளி இல்லாமல் போகும் பதிவில், தட எல்லையில் ‘டக்’ என்று கேட்பது இதனால்தான். வட்டின் மேல் பழி இல்லை. புதிய பதிப்பு மென்பொருளால் மறுபடி தடப்பிரிப்பு செய்து பாருங்கள். கச்சேரிப் பதிவு என்றால் பிரிக்காமலே வைத்துக்கொள்வதும் நல்லதே.

குடியாத்தத்திலிருந்து

தடப்பிரிப்பு சரி அண்ணா. மூன்றாவதான வடிவமாற்றத்துக்கு ‘ஒலிபெயர்ப்பு’ என்று எழுத நினைத்தேன், அது எழுத்துப்பெயர்ப்புக்கு ஏற்கெனவே போய்விட்டது.

ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டின் ஒலி வடிவத்துக்கும், அதை இழப்பில்லாமல் சுருக்கும் முறைக்கும் ஆங்கிலச் சுருக்கத்தில் கடைசி எழுத்து மட்டும் வேறு. தமிழில் இரண்டும் ‘டிஎஸ்டி’ என்றே வருகின்றன. படிப்பவர் திணறுவார்.

வாலாஜாபேட்டையிலிருந்து

முதலாவது டிஎஸ்டி, இரண்டாவது சுருக்கிய டிஎஸ்டி. பொருளும் அதுவே.

ஆம்பூரிலிருந்து

சுருக்கிய டிஎஸ்டியை விரிப்பதும், டிஎஸ்டியைப் பிசிஎம் ஆக்குவதும் ஒரே வகை வேலை அல்ல. சொல்லில் அது தெரிய வேண்டும்.

60 நிமிடப் பதிவில் ஆறு சேனல் டிஎஸ்டி 7.6 ஜிபி, இரு சேனல் 2.5 ஜிபி. 4.7 ஜிபி அடுக்கில் இரண்டும் அடங்க வேண்டுமென்றால் சுருக்கியே ஆகவேண்டும். விரித்தால் பிட் பிட்டாக அதே தரவு திரும்பக் கிடைக்கும். இது மீளும் மாற்றம்.

பிசிஎம் ஆக்கியதைத் திருப்பி டிஎஸ்டி ஆக்கினால் பழைய பிட்டுகள் வராது. இது மீளா மாற்றம். செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. வழங்கியோடு சேரும் பல டிஏசிகளுக்கு (எண்ணிம ஒலியை மின்னலையாக்கும் கருவிகள்) பிசிஎம்மை இழப்பிலாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பு கொடுப்பதே வசதி. 24 பிட், 88.2 அல்லது 176.4 கிலோஹெர்ட்ஸ் எடுங்கள், இரண்டும் 44.1-இன் மடங்கு. டிஎஸ்டியில் கேட்கும் எல்லைக்கு மேலே இரைச்சல் ஏறிக்கொண்டே போவதால் அதை வெட்டும் தாழ்வழி வடிகட்டியை அணைத்துவிடாதீர்கள். எஸ்ஏசிடியின் 0 டெசிபெல் அதன் உச்ச எல்லைக்கு 6 டெசிபெல் கீழே. அதனால் மாற்றிய கோப்பு சன்னமாகக் கேட்கும், உடனே கண்ணை மூடிக்கொண்டு 6 டெசிபெல் ஏற்றுவார்கள். ஆனால் வட்டில் உச்சங்கள் அந்த 0-வைத் தாண்டி 3 டெசிபெல் வரை போக அனுமதி உண்டு. அப்படிப்பட்ட பதிவில் மிருதங்கத்தின் சாப்பு உச்சி நறுக்கப்பட்டு வரும். முதலில் முழு ஆல்பத்தின் உச்சத்தை அளந்து, எல்லாத் தடத்துக்கும் ஒரே அளவு ஏற்றுங்கள். தடத்துக்குத் தடம் தனியாக ஏற்றினால் பாடகர் வைத்த ஏற்ற இறக்கம் போய்விடும்.

காட்பாடியிலிருந்து

மீளும், மீளா இரண்டும் ஏற்பு. மீதியைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

டிவிடி ஆடியோவில் ஆடியோ கோப்புறையிலிருந்தே படியெடுக்க வேண்டும். வீடியோ கோப்புறையில் பெரும்பாலும் இழப்புள்ள டால்பி வடிவமே இருக்கும். புளூரே இசை வட்டுக்கு மேக்எம்கேவியில் முழுப்படி, பிறகு தடப்பிரிப்பு. வேறு சிக்கல் இல்லை.

வழங்கியில் டிஎஸ்டியைப் பிசிஎம் உறைக்குள் வைத்து அனுப்பும் முறையில், 24 பிட்டில் 16 பிட் ஒலி, 8 பிட் அடையாளம். வழியில் எங்கேனும் ஒலியளவை ஒரு புள்ளி குறைத்தாலும் அடையாளம் கெட்டு இரைச்சல் மட்டும் வரும். ஆகவே வழங்கியில் ஒலியளவு 100, சமன்படுத்தல் வசதி அணைப்பு. ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆம்பிளிஃபையரில்.

சொல்லடைவில் இப்படிப் போகிறது:

*படியெடுப்பு: வட்டின் தரவை மாற்றமின்றி முழுப்படியாகச் சேமித்தல். தடப்பிரிப்பும் வடிவமாற்றமும் இதில் அடங்கா.*

வாலாஜாபேட்டையிலிருந்து

‘வட்டின் தரவை’ என்பதற்குப் பதில் ‘தாம் வாங்கிய வட்டின் தரவைத் தம் பயனுக்காக’ என்று போடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் சொந்தப் பயனுக்கு விலக்கு உண்டு, ஊருக்குப் பங்கிட இல்லை. மற்றபடி எனக்குச் சம்மதம்.