பழைய கொரோலா ஆட்டோமேட்டிக்: காலையில் கியர் ஏறத் தாமதம், கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்கிறார்கள்

குன்னூர்வாசி:

வணக்கம். வண்டி 2006 டொயோட்டா கொரோலா 1.8, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். அப்பா வாங்கியது, இப்போது என் கையில் இருக்கிறது. ஓடியது 1,42,000 கிலோமீட்டர்.

வேலைக்குக் குன்னூரிலிருந்து ஊட்டி போகிறேன். இந்தக் குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் கியர் ஏறவே மறுக்கிறது. மூன்றாவது வரை இழுத்து இழுத்து மாறும், நான்காவதுக்குப் போகாது. 60-இல் போகும்போதும் ஆர்பிஎம் ஊசி 2,000-க்குக் கீழே இறங்குவதில்லை. முன்பெல்லாம் 1,500-க்கு வந்துவிடும். வழியில் கேத்தி தாண்டினால் சில நாள் நான்காவது விழும். அடுத்த இறக்கத்தில் காலை எடுத்து ஓட்டினால் திரும்பவும் மூன்றுக்கே வந்துவிடும். ஆனால் கோவைக்குப் போய் காந்திபுரம் நெரிசலில் மாட்டினால் வண்டி பரம சாது, ஒரு குறையும் தெரியாது. மைலேஜும் அடி வாங்கியிருக்கிறது.

காட்டிய இடத்தில் கியர்பாக்ஸ் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன, இறக்கிப் பிரிக்கணும், எண்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. வேறு பெரிய வேலை எதுவும் பார்த்ததில்லை. போன கோடையில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வழியில், பர்லியார் ஏற்றத்தில் சூடாகி நின்றபோது கீழே ஒரு பட்டறையில் ரேடியேட்டர் சுத்தம் செய்தார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒருநாளும் சூடானதில்லை.

பிரிக்கலாமா, வண்டியையே தள்ளிவிடலாமா?

கோவை ரோடு:

முதலில் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றுங்கள். இந்த வண்டிக்கு டொயோட்டா டைப் டி-ஃபோர்தான். கடையில் "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார்" என்று சிவப்பாக எதையாவது நீட்டுவார்கள், வாங்காதீர்கள். ஒருமுறை வடித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் வரும், மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) தங்கிவிடும். அதனால் கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடியும் வடித்து ஊற்ற வேண்டும்.

பழைய ஸ்பேனர்:

தம்பி, எண்பதாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கியர் "ஸ்லோ" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த ஸ்லோ? நியூட்ரலிலிருந்து டிரைவ் போட்டால் வண்டி பிடிக்க நேரம் எடுப்பது ஒரு வியாதி. கியர் மாறும் நொடியில் எஞ்சின் மட்டும் உறுமிவிட்டு அப்புறம் பிடிப்பது வேறு. மிதித்தால் கீழ் கியருக்கு வர யோசிப்பது இன்னொன்று. நீங்கள் சொல்வது இந்த மூன்றும் இல்லை. கியர்கள் ஒழுங்காகப் பிடிக்கின்றன, மேலே ஏறும் உத்தரவுதான் வரவில்லை. அந்த உத்தரவைக் கொடுப்பது கம்ப்யூட்டர்.

கிளட்ச் தட்டு தேய்ந்த கியர்பாக்ஸ் பெரும்பாலும் சூட்டில்தான் மானத்தை வாங்கும். ஆயில் இளகி, பிரஷர் குறைந்து, நெரிசலில் நழுவும். உங்கள் வண்டி நேர் எதிர், காந்திபுரத்து வெயிலில் சாது, கேத்திக் குளிரில் முரண்டு. சரி, உள்ளே ரப்பர் சீல்கள் காய்ந்திருந்தால் குளிரில் மந்தம் வருமே என்று யாராவது கேட்பார்கள். வரும்தான். ஆனால் அது டிரைவ் போட்டதுமே தெரியும், சூடேறினால் போய்விடும். இறக்கத்தில் காலை எடுத்ததும் திரும்பி வராது.

இறக்கத்தில் எஞ்சினுக்குப் பாரம் இல்லை, அதனால் சூடும் இல்லை. சந்தேகம் எனக்கு அங்கேதான். ரேடியேட்டர் தண்ணீர் ஓரளவு சூடேறும் வரை, ஏறக்குறைய 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த வண்டியின் கம்ப்யூட்டர் நான்காவது கியரையும் டார்க் கன்வர்ட்டர் லாக்கையும் (நழுவாமல் எஞ்சினோடு நேராகப் பூட்டிக்கொள்வது) தராது. எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் சூடே ஏறாவிட்டால்? காலை முழுக்க மூன்றாவதிலேயே ஓட வேண்டியதுதான்.

இப்போது சொல்லுங்கள், ரேடியேட்டர் சுத்தம் செய்த அன்று தெர்மோஸ்டாட் வால்வை என்ன செய்தார்கள்? எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுப்பது அதுதான். நம் ஊரில் சூடாகி வந்த வண்டிக்குப் பலர் பார்க்கும் முதல் வைத்தியம் அதைக் கழற்றி வீசுவதுதான். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்பார்கள். மேட்டுப்பாளையத்துக்கு வேண்டுமானால் அந்தப் பேச்சு எடுபடும், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டிக்கு?

நாளைக் காலை செய்ய வேண்டியது. எடுக்கும் முன் எஞ்சினை ஓடவிட்டு, சில நிமிடம் கழித்து ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள் (ஃபேன் பக்கம் விரல் போக வேண்டாம்). வால்வு இருந்தால், அது திறக்கும் வரை ரேடியேட்டர் ஜில்லென்றே இருக்கும். இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெதுவாக வெதுவெதுப்பாகும். ஹீட்டர் எப்படி அடிக்கிறது, சூட்டு முள் பாதிக்கு வருகிறதா என்பதையும் எழுதுங்கள். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் செருகி அளவுகளைப் படிக்கும் கருவி) கிடைத்தால் ஓடும்போது தண்ணீரின் டிகிரியைப் பாருங்கள்.

ஆயில் யோசனையில் தப்பில்லை. மாற்றும் முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். வண்டி நன்றாக ஓடிச் சூடான பிறகு, சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் பார்க்கில் வைத்து அளக்க வேண்டும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். கருத்து, கருகல் வாடை வந்தால் நான் சொன்னதையெல்லாம் மறுபடி யோசிப்போம்.

மலைக்காற்று:

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர், காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதிகம் மிதிக்க வேண்டியிருக்கும், மிதித்தால் கியர் தாமதமாகத்தான் ஏறும்.

பழைய ஸ்பேனர்:

உண்மைதான். ஆனால் ஊட்டி போன வருஷமும் அதே உயரத்தில்தான் இருந்தது.

குன்னூர்வாசி:

ஸ்பேனர் ஐயா, ரேடியேட்டர் நீங்கள் சொன்னபடியே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. ஹீட்டர் இந்தக் குளிர் முழுக்கப் பேருக்குத்தான் அடித்தது, வண்டிக்கு வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். முள் கால்வாசிக்கு மேல் வரவில்லை. நண்பரின் ஸ்கேனரைச் செருகி ஓட்டினோம். அருவங்காட்டில் 58, ஏற்றத்தில் 66, இறக்கத்தில் 54. நான்காவது விழுந்ததும் போனதும் அந்த எண்ணோடுதான் ஆடியது.

தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங்கைக் கழற்றினால் உள்ளே வால்வே இல்லை, ரப்பர் வளையம் மட்டும் கிடந்தது. புது தெர்மோஸ்டாட் போட்டு, கூலண்ட் ஊற்றி, காற்று எடுத்தாயிற்று. இப்போது 85-ஐ ஒட்டி நிற்கிறது, வெலிங்டன் தாண்டும் முன்பே நான்காவது விழுகிறது. ஆயில் சிவப்பாகவே இருக்கிறது, வாடை இல்லை.

ஒரே பயம், கோடையில் பர்லியார் ஏற்றத்தில் மறுபடி சூடாகுமா?

பழைய ஸ்பேனர்:

ஆகலாம். அன்று ஏன் சூடானது என்று யாரும் பார்க்கவே இல்லை, வால்வைக் கழற்றியதில் அது மறைந்துகொண்டது. கோடைக்கு முன் வீட்டு வாசலிலேயே ஏசியைப் போட்டு ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டார். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் குப்பை அடைத்திருக்கும், தண்ணீரை உள்பக்கமிருந்து வெளியே அடிக்கச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்து, அதாவது நான்காவது கியர் விழாமல், ஓட்டுங்கள். கியர் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஊசலாடாது, கியர்பாக்ஸ் ஆயிலும் அவ்வளவாகக் கொதிக்காது.