விகாரி என்பவர் யார்? பாடநூலும் திரைப்படமும் ஒரே பொருளில்தான் பேசுகின்றனவா?

வெள்ளவத்தைவாசி:

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் என் மகன், பாடசாலை விஞ்ஞான மன்றத்தின் சஞ்சிகைக்காக ‘மியூட்டன்ட்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறான். அவனுடைய பாடத்தில் விகாரம், விகாரி என்ற சொற்களே வழங்குகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களில் சடுதி மாற்றம், திடீர் மாற்றம் என்று இருக்கிறது. கொவிட் காலத்தில் நமது பத்திரிகைகள் டெல்டா திரிபு, ஒமிக்ரோன் திரிபு என்று எழுதின. அவன் பார்க்கும் படங்களிலோ, கைமுட்டியிலிருந்து உலோக நகம் நீள்பவரும் பார்வையால் எரிப்பவரும்தான் மியூட்டன்ட். இதற்கிடையில் கட்டுரையின் முதற்படியைப் படித்த அவனுடைய அம்மம்மா, ‘நாம் எல்லோருமே விகாரிகள்’ என்ற வரியைக் கண்டு மனம் நொந்துபோனார். அவருடைய வழக்கில் விகாரம் என்றால் அவலட்சணம். பிள்ளை பிறந்த வீட்டில் வாயில் எடுக்கக்கூடாத சொல்.

உயிரியல் சொல்லும் மியூட்டன்டும் படங்கள் காட்டும் மியூட்டன்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பதையும், தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைக் கையாள்வது என்பதையும் அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:

ஐயா, நான் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பிப்பவள். பாடம் முடிந்த மறுநாள் நகம் நீளும் வீரரைப் பற்றி யாராவது ஒரு மாணவர் கேட்காத ஆண்டு இல்லை.

உயிரியலில் விகாரம் என்பது பரம்பரைப் பொருளில், அதாவது டி.என்.ஏ.யில், ஏற்படும் மாற்றம். அதைத் தாங்கிய உயிரி அல்லது கலம் விகாரி. இந்தச் சொல்லுக்குத் தனித்து நிற்கும் பொருள் கிடையாது, ஒப்பீட்டில்தான் பொருள் உண்டு. 1910இல் தோமஸ் ஹண்ட் மோர்கன் நியூயோர்க்கிலுள்ள தமது ஆய்வுகூடத்தில், செந்நிறக் கண்களுடைய பழ ஈக்களிடையே வெண்ணிறக் கண்களுடைய ஆண் ஈ ஒன்றைக் கண்டார். செந்நிறக் கண்ணைக் காட்டு வகை, அதாவது இயற்கையில் வழமையாகக் காணப்படும் வகை, என்று வைத்துக்கொண்டதால்தான் வெண்கண் ஈ விகாரி ஆயிற்று. அந்த ஈ பறக்கவும் உண்ணவும் இனம்பெருக்கவும் செய்தது. கண் நிறத்துக்குரிய பரம்பரையலகு (ஜீன்) இலிங்க நிறமூர்த்தத்தில் (பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோமில்) இருக்கிறது என்ற முடிவுக்கு மோர்கன் வந்ததும் அதன் சந்ததியைக் கொண்டுதான்.

விகாரம் நன்மையா தீமையா என்று மாணவர்கள் கேட்பார்கள். எங்கே, யாருக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். குருதியில் ஒட்சிசனைக் காவும் புரதமான ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் ஆறாவது இடத்திலுள்ள குளுற்றமிக் அமிலத்துக்குப் பதிலாக வலின் வருவதற்கு டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து, அதாவது அதன் அடிப்படை அலகு ஒன்று, மாறினால் போதும். அதைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கு அரிவாட்கலக் குருதிச்சோகை உண்டாகிறது; ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ கடும் மலேரியாவிலிருந்து கணிசமான பாதுகாப்புக் கிடைக்கிறது. நமது நாட்டில் பரம்பரைக் குருதி நோயான தலசீமியாவின் கதையும் இதே போக்கில்தான் செல்கிறது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மலேரியா நிலவிய நூற்றாண்டுகளில் மனிதரைக் காத்து நிலைபெற்ற விகாரங்களோ மலேரியாவுடன் சேர்ந்து விடைபெறவில்லை.

இனிப் படங்களுக்கு வருகிறேன். ‘மியூட்டேஷன்’ (விகாரம்) என்ற சொல்லை இத்துறையில் நிலைநிறுத்தியவர் ஒல்லாந்துத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரிஸ். மாலையில் மலரும் ஈனோதேரா என்ற செடியை வளர்த்து ஆராய்ந்தபோது, பெற்றோரை ஒவ்வாத செடிகள் இடையிடையே முளைப்பதைக் கண்ட அவர், புதிய இனம் ஒரே தாவலில், ஒரே தலைமுறையில் பிறக்கிறது என்று 1901இல் வெளிவரத் தொடங்கிய தமது நூலில் வாதிட்டார். அச்செடிகளில் பல, நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை மாறியதாலும் அவை வழமைக்கு மாறாக இணைந்திருந்ததாலும் உருவானவை என்பது பின்னர் தெரிந்தது. உயிரியல் அந்தத் தாவலைக் கைவிட்டது. சித்திரக்கதை அதைக் கைவிடவில்லை. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் படைத்த எக்ஸ்-மென் கதையில், சாதாரணப் பெற்றோருக்கு ஒரே தலைமுறையில் வேறோர் இனமே பிறந்துவிடுகிறது. அது இன்றைய உயிரியல் அல்ல, டி விரிஸின் 1901ஆம் ஆண்டு உயிரியல் என்பதே என் கருத்து.

கதிர்வீச்சு இக்கதைகளுக்குள் நுழைந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. எக்ஸ் கதிர்கள் ஈக்களில் விகாரங்களைப் பெருக்குகின்றன என்று 1927இல் காட்டிய ஹேர்மன் மலருக்கு 1946இல், ஹிரோஷிமாவுக்கு மறு ஆண்டில், நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்னர் கதிர்வீச்சும் பூதாகாரமான உருவமும் பொதுமக்கள் மனத்தில் பிரிக்க முடியாதவையாகிவிட்டன. ஆனால் மலர் கதிர்பாய்ச்சிய ஈக்கள் தம் உருவத்தை மாற்றிக்கொண்டு எழுந்து நிற்கவில்லை. அவற்றின் புணரிகளில் (இனப்பெருக்கக் கலங்களில்) நேர்ந்த மாற்றம் சந்ததியில்தான் வெளிப்பட்டது. வளர்ந்த உடலின் ஒரு கலத்தில் விகாரம் நேர்ந்தால் அந்தக் கலமும் அதன் வழிவந்த கலங்களுமே மாறும். மிக மோசமான நிலையில் அது புற்றுநோயாகலாம், ஒருபோதும் வல்லமை ஆகாது. இந்த வகையில், பிறப்பிலேயே மியூட்டன்டாக வரும் எக்ஸ்-மென், பச்சைத் திரவத்தில் நனைந்து மாறும் நிஞ்சா ஆமைகளை விட ஓரளவு பாடநூலுக்கு அருகில் நிற்கிறார்கள்.

மகனின் வரியில் பிழையில்லை. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெற்றோரிடம் இல்லாத புதிய விகாரங்கள் ஏறத்தாழ 60 அளவில் இருக்கின்றன. ஆயினும் மருத்துவர்கள் எந்த நோயாளியையும் விகாரி என்று அழைப்பதில்லை. மரபியல் அறிக்கைகளில் விகாரம் என்பதைக்கூடத் தவிர்த்து வேறுபாடு, திரிபு என்ற பொருளுடைய சொல்லையே இப்போது விரும்புகிறார்கள். அம்மம்மாவின் மனவருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

பழைய இலக்கண மாணவன்:

ஆசிரியை அவர்கள் அறிவியலை விளக்கிவிட்டார்கள். அம்மம்மாவுக்கு ஆறுதலாக நான் ஒன்று சொல்ல விரும்புகிறேன். விகாரம் என்ற சொல்லுக்கு அவலட்சணம் என்ற பொருள் ஒரு கிளைப்பொருளே, மூலப்பொருள் வேறுபடுதல். நன்னூல் படித்தவர்களுக்கு விகாரப் புணர்ச்சி நினைவிருக்கும். இரண்டு சொற்கள் மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்பு, மாற்றத்துடன் சேர்ந்தால் விகாரம். அந்த விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று பவணந்தி முனிவர் மூன்றாக வகுத்தார். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது ஓர் எழுத்துத் தோன்றுகிறது; பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்துத் திரிகிறது; மரமும் வேரும் மரவேர் ஆகும்போது ஓர் எழுத்துக் கெடுகிறது. டி.என்.ஏ.யில் எழுத்துப் புகுதல், எழுத்து மாறுதல், எழுத்து இழத்தல் என்று உயிரியலார் சொல்லும் மூன்றும் இவையே அல்லவா? பூங்கொடியை அவலட்சணம் என்று எவரும் சொல்லார். பத்திரிகைகள் கையாண்ட திரிபும் இந்த வீட்டுச் சொல்தான்.

விகாரி என்பது அறுபது தமிழ் வருடங்களில் ஒன்றின் பெயரும்கூட. 2019 சித்திரையில் பிறந்து 2020 சித்திரையில் முடிந்த அந்த வருடத்தில்தான் கொரோனா தலைகாட்டியது. இதில் பொருள் தேட வேண்டாம், பொருத்தத்தை ரசிக்கலாம். ஆனால் நமது விகாரமகாதேவி பூங்காவின் பெயரை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது விகாரையைச் சேர்ந்த விகாரம்.

துறைமுகத்தடியில்:

நான் சுங்க வேலையோடு தொடர்புள்ளவன், உயிரியல் அறியேன். ஆனால் மியூட்டன்ட் மனிதரா என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது என்பது எங்கள் தொழிலில் சிலருக்குத் தெரிந்த வேடிக்கை. ஐக்கிய அமெரிக்காவில் அப்போது மனித உருவப் பொம்மைகளுக்கு 12 சதவீதமும் ஏனைய விளையாட்டுப் பொருட்களுக்கு 6.8 சதவீதமும் தீர்வை இருந்தது. எக்ஸ்-மென் உருவங்களை இறக்குமதி செய்த நிறுவனம், இவை மனிதரைக் குறிப்பவை அல்ல, ஆகையால் குறைந்த தீர்வையே பொருந்தும் என்று வழக்காடியது. அந்நாட்டின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் 2003இல் அதை ஏற்றுக்கொண்டது. மியூட்டன்டுகளும் மனிதரே என்று கதை முழுவதும் மன்றாடும் படைப்பு, தீர்வைக்காக மனிதர் அல்லாத பக்கத்தில் போய் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. தீர்வை அட்டவணைக்கு முன்னால் எந்த வல்லமையும் செல்லாது.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:

இலக்கண ஒப்புமையை நாளைய வகுப்பில் பயன்படுத்துவேன், மிக்க நன்றி. ஆனால் கட்டுரையில் ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும். புணர்ச்சியில் வரும் விகாரம் விதிப்படி வருகிறது. உயிரியல் விகாரம் தற்செயலாக வருகிறது. இழப்பின் விளைவும் வேறு. டி.என்.ஏ. மும்மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவதால், ‘கடல், மணல், படகு’ என்பதில் முதல் ‘ல்’ மட்டும் விழுந்துவிட்டால் எஞ்சியது ‘கடம, ணல்ப, டகு’ என்றுதான் வாசிக்கப்படும். மரவேரில் அப்படி எதுவும் நேர்வதில்லை.

வெள்ளவத்தைவாசி:

மூவருக்கும் நன்றி. பூங்கொடியையும் பொற்குடத்தையும் சொன்ன பிறகு அம்மம்மா சமாதானமாகிவிட்டார். அவர் அந்தக் காலத்தில் நன்னூல் பாடம் கேட்டவர். உயிரியலுக்கு விகாரி என்றும், கதைமாந்தருக்கு மியூட்டன்ட் என்றே ஒலிபெயர்த்தும் எழுதுவதென்று மகன் முடிவு செய்திருக்கிறான். கட்டுரைக்கு மேலே வெண்கண் ஈயை வரைவதா, நகம் நீளும் வீரரை வரைவதா என்பதில் மட்டும் வீட்டில் இழுபறி தொடர்கிறது.