பிரசவ வார்டில் கேட்ட பணம்: புகார் கொடுப்பதா, விட்டுவிடுவதா?

செந்தில்_டெல்டா: போன வியாழக்கிழமை தங்கைக்கு அரசு மருத்துவமனையில் சிசேரியன். எந்த ஊர் என்று வேண்டாம். தியேட்டர் கதவருகே ஆயாம்மா குழந்தையைத் துணியில் சுற்றி, முகத்தையும் மூடியபடி வைத்துக்கொண்டு, "ஆண் பிள்ளை, 1,500 கொடுங்க, காட்டுறேன்" என்றார். அப்பா மடியிலிருந்து எடுத்த நோட்டுகளை எண்ணி முடிக்கும் வரை துணி விலகவில்லை. அப்புறம் ஸ்ட்ரெச்சர் தள்ள 200. அரசு மருத்துவமனையில் பிரசவம் முழுக்க இலவசம், அதற்காக 2011-லிருந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டமே இருக்கிறது. நான் புகார் கொடுக்கலாம் என்கிறேன், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

குமரன்77: விட்டுவிடுங்கள் செந்தில். அவர்களில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், சம்பளம் கைக்கு வருவதற்குள் வட்டிக்காரன் வாசலில் நிற்பான். நீங்கள் புகார் கொடுத்தால் வேலை போவது அந்த ஆயாம்மாவுக்குத்தான். பெரிய திருட்டு வேறு இடத்தில் நடக்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் ஒரே கைபேசி எண்ணில் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததை 2023-இல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை சொன்னதே, அதைக் கேட்க ஆள் இல்லை.

வார்டு_சிஸ்டர்: 14 வருடமாக வார்டில் நிற்கிறேன், அதனால் சொல்கிறேன் குமரன் சார். சம்பளம் குறைவு என்பது உண்மை, அதற்குப் போராட வேண்டியது ஒப்பந்தக்காரரிடம். காசில்லாமல் வந்தவளின் விரிப்பு நனைந்தே கிடக்கும், பக்கத்துப் படுக்கையில் மட்டும் இரண்டு முறை மாற்றுவார்கள். அதைப் பார்த்தவர்கள் இதைச் சின்னத் தொகை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மருத்துவமனைக்குள்ளேயே புகார் கொடுத்துப் பயனில்லை செந்தில் தம்பி. எங்களிடம் ஒரு முறை வந்தது, பணம் வாங்கிய ஆயாம்மாவை வேறு வார்டுக்கு மாற்றினார்கள், மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். வெளியே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள்.

ராகவி_வழக்கறிஞர்: போவதென்றால் உடனே போங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தப்படி லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தேன் என்று 7 நாளுக்குள் காவல்துறையிலோ விசாரணை அமைப்பிலோ தெரிவித்தால்தான் பாதுகாப்பு.

குமரன்77: பார்த்தீர்களா, இதைத்தான் சொல்கிறேன். தையல் போட்ட வயிற்றோடு படுத்திருப்பவளின் வீட்டார் 7 நாளுக்குள் ஓட வேண்டுமாம், இல்லையென்றால் அவர்கள் மேலேயே வழக்கு வரலாம்! அந்த வீட்டில் யார் வாய் திறப்பார்கள்? முறையை மாற்றுங்கள். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்து மருந்துக் கொள்முதலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள், மாத்திரை அட்டையிலேயே விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்தார்கள். மருந்து வெளியே போவது அப்படித்தான் கஷ்டமானது, ஆயாம்மாவைப் பிடித்து இல்லை.

ராகவி_வழக்கறிஞர்: 7 நாள் போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன், டிஸ்சார்ஜ் ஆவதற்கே அத்தனை நாள் ஆகிவிடும். ஆனால் அட்டையில் அச்சடிக்கலாம், தியேட்டர் கதவில் நீட்டும் கையில் என்ன அச்சடிப்பீர்கள்? அங்கே நடப்பதற்கு யாராவது வந்து சொல்வது ஒன்றுதான் சாட்சி. பணம் கேட்டதும் கொடுப்பதற்கு முன்பே போனால் இன்னும் நல்லது, கொடுத்தவர் மேல் வழக்கே வராது. லஞ்ச ஒழிப்புத் துறையினர் நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவரின் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். புகார்தாரர் பின்னால் பல்டி அடித்தாலும் மற்ற சாட்சியங்களை வைத்து நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

வார்டு_சிஸ்டர்: இன்னொன்றும் எழுதிக் கொடுங்கள் தம்பி. அந்தப் பணத்தில் மேலே யாருக்குப் பங்கு போகிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். ஆயாம்மாவோடு கதை முடிந்தால் அடுத்த வாரம் அந்தக் கதவில் வேறொருவர் நிற்பார்.

குமரன்77: அதை எழுதுவதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஒப்பந்த நிறுவனத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

செந்தில்_டெல்டா: இன்று ஐந்தாவது நாள். அப்பாவிடம் பேசிவிட்டேன். கொடுத்தது அவர் என்பதால் அவரே கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறோம்.