7,500 பவுண்டு டிரெய்லரை இழுக்க பெட்ரோல் பிக்கப்பா, டீசல் பிக்கப்பா?

நெடுஞ்சாலைவாசி (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்):
எல்லோருக்கும் வணக்கம். முழுச் சுமையில் 7,500 பவுண்டு வரும் டிராவல் டிரெய்லர் (தங்கிப் பயணிக்கும் இழுவை வண்டி) ஒன்றை வாங்கப் போகிறோம். வீட்டில் நான்கு பேர். பெரும்பாலும் டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகள்தான் போவோம். கோடையில் ஒரு முறை அமரில்லோ, ரட்டோன் வழியாகக் கொலராடோ போய்வர ஆசை. மற்ற நாட்களில் அதே வண்டியில்தான் அலுவலகம், பதினைந்து நிமிட ஓட்டம். ஃபோர்டு எஃப்-250 பார்த்து வைத்திருக்கிறோம். 7.3 லிட்டர் பெட்ரோலா, 6.7 பவர் ஸ்ட்ரோக் டீசலா என்று முடிவு செய்ய முடியவில்லை. டீசலுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் கூடுதல். டிரெய்லர் இழுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை (கொலராடோ ஸ்பிரிங்ஸ்):
கொலராடோ என்று எழுதிவிட்டீர்கள், அப்புறம் யோசிக்கவே வேண்டாம். டீசல் எடுங்கள்.

7.3 எஞ்சினில் டர்போ கிடையாது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி போகும். ரட்டோன் கணவாய் 7,834 அடி, மோனார்க் கணவாய் 11,312 அடி. மோனார்க் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு சக்தி இருக்காது. டீசலில் டர்போ காற்றை அழுத்திக் கொடுப்பதால் இந்த இழப்பு மிகவும் குறைவு. டார்க்கையும் (எஞ்சினின் சுழற்று விசை) பாருங்கள். பெட்ரோலுக்கு 485 பவுண்டு-அடி, அதுவும் 4,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). டீசலுக்கு 1,050, அது அதைவிட மிகக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருவார்கள்.

ஏற்றத்தை விட இறக்கம்தான் முக்கியம். டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு. பொத்தானை அழுத்தினால் டர்போவின் இறகுகள் மூடி, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மோனார்க்கிலிருந்து இறங்கும்போது முன்னால் போகும் வண்டிகளின் பிரேக் கருகும் வாடை வரும். என் கால் பெரும்பாலும் பெடலைத் தொடுவதே இல்லை.

கணக்குப்பிள்ளை (ஹூஸ்டன்):
மலைப்பாதை அண்ணா, நீங்கள் சொன்ன எண்களை வைத்தே பேசுகிறேன். 430 குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் 290. வண்டி 7,000, டிரெய்லர் 7,500, மொத்தம் 14,500 பவுண்டு. 7 சதவீத ஏற்றத்தில் 50 மைல் வேகத்தில் அதை மேலே தூக்க சுமார் 135 குதிரைத்திறன் வேண்டும். காற்றுத் தடை, டயர் உராய்வு, கியர்பாக்ஸில் போவது எல்லாம் சேர்த்தாலும் 230-க்குள் அடங்கும். ஆக, அந்த எஞ்சின் ஏறும். 4,500 ஆர்பிஎம்மில் சத்தம் போட்டுக்கொண்டு ஏறும், அவ்வளவுதான். அந்தச் சுழற்சிக்காகவே வடிவமைத்த எஞ்சின் அது. சத்தத்தைக் கேட்டு எஞ்சின் வீணாகிறது என்று பயப்பட வேண்டியதில்லை.

இப்போது பணம். வருடத்துக்கு டிரெய்லருடன் 4,000 மைல், வெறும் வண்டியாக 8,000 மைல் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி ஒரு கேலனுக்கு இழுக்கும்போது 8, சும்மா ஓடும்போது 14 மைல் கொடுக்கிறது. டீசலுக்கு அதுவே 11, 18. பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.60 என்றால் பெட்ரோலுக்கு 3,214 டாலர், டீசலுக்கு 2,909. வருடச் சேமிப்பு சுமார் 305 டாலர். டீசலுக்கு ஒரு ஆயில் மாற்றத்துக்கு 13 குவார்ட், இரண்டு எரிபொருள் ஃபில்டர், அப்புறம் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் டிஇஎஃப் திரவம். அந்த 305-ம் இவற்றிலேயே கரைந்துவிடும். 10,000 டாலரை எப்போது திரும்ப எடுப்பது?

மலைப்பாதை:
தம்பி, எரிபொருளில் காசு மிச்சம் பிடிக்க டீசல் வாங்கு என்று நான் சொல்லவில்லையே. கூடுதலாகக் கொடுத்ததில் ஒரு நல்ல பகுதி மறுவிற்பனையில் திரும்ப வரும், அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. டிரெய்லரோடு எரிபொருள் போடப் போனால் லாரிகளுக்கான அகலமான வரிசையில் நேராக நுழைந்து வெளியே வரலாம். பெட்ரோல் பம்ப் கொட்டகைக்குள் 30 அடி டிரெய்லரைத் திருப்பிப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், குடும்பத்தோடு இறங்கும்போது கிடைக்கிற நிதானம். அதற்கு 10,000 டாலர் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மிட்லண்ட்காரன் (மேற்கு டெக்சாஸ்):
எனக்கு இழுப்பதுதான் தொழில். எண்ணெய்க் கிணறுகளுக்குக் கூஸ்நெக் டிரெய்லரில் (பிக்கப்பின் தளத்தில் மாட்டுவது) 14,000 பவுண்டு, வாரம் முழுக்க. என் வேலைக்கு டீசலைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன். ஆனால் எச்சரிக்கை விளக்கு எரியாமல் ஓட வேண்டுமென்றால் டீசல் நன்றாகச் சூடாகி நீண்ட தூரம் ஓட வேண்டும். கேட்டவர் தினமும் பதினைந்து நிமிடம் அலுவலகம் போகிறவர். அவருக்கு நான் பெட்ரோல்தான் சொல்வேன்.

காரணம் டிபிஎஃப். 2007-லிருந்து டீசல் பிக்கப்களில் கரியைப் பிடிக்கும் இந்த வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும், ரீஜென் என்பார்கள். அதற்கு எக்ஸாஸ்ட் கடும் சூட்டில் கொஞ்ச நேரம் நிலைக்க வேண்டும். குறுகிய ஓட்டத்தில் ரீஜென் பாதியில் நிற்கும், மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். என் பழைய வண்டியை என் மனைவி ஊருக்குள் மட்டும் ஓட்டிய காலத்தில் இதுதான் நடந்தது. கடைசியில் வேகம் 50-ஐத் தாண்டாமல் முடங்கி, பணிமனையில் வாரக்கணக்கில் கிடந்தது.

ஓசைஎஞ்சின்:
இதற்கா இவ்வளவு கவலை? டெலீட் கிட் (வடிகட்டியை நீக்க விற்கும் பாகங்கள்) போட்டு டிபிஎஃப்பைக் கழற்றிவிடுங்கள், எல்லாத் தொல்லையும் தீர்ந்தது.

மலைப்பாதை:
ஓசைஎஞ்சின், டீசல் ஆதரவாளனாகவே சொல்கிறேன், அந்த யோசனையை இங்கே தராதீர்கள். அது கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டத்தை மீறுவது. வாரண்டி போய்விடும். நம் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் நின்று அந்தக் கரியைச் சுவாசிப்பார்கள். டிஇஎஃப் கோளாறு வந்தால் வண்டி திடீரென வேகம் இழப்பதைத் தளர்த்தும்படி 2025 ஆகஸ்டில் இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. முறையான வழி இருக்கும்போது கழற்றி எறிய என்ன தேவை?

மிட்லண்ட்காரன் சொன்ன குறுகிய ஓட்டப் பிரச்சினை உண்மைதான், மறுக்கவில்லை. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை:
வடிகட்டிக்காக வாரம் ஒரு முறை ஊர் சுற்ற வேண்டுமா அண்ணா? அதற்கும் எரிபொருள் செலவுதானே. உயர் அழுத்தப் பம்பையும் மறக்க வேண்டாம். சிபி4 என்ற வகைப் பம்ப் உள்ளே தேய்ந்து உடைந்தால் உலோகத் துகள் எரிபொருள் அமைப்பு முழுக்கப் பரவும், இஞ்செக்டர் வரை மாற்ற நேரிடும். 2019, 2020 மாடல் ராம் கம்மின்ஸ் (வேறு நிறுவனத்தின் டீசல் பிக்கப்) வண்டிகளை இந்தப் பம்புக்காகவே 2021-ல் திரும்ப அழைத்தார்கள்.

சுமைக்கணக்கி (சான் அன்டோனியோ):
எல்லோரும் இழுவையையே பேசுகிறீர்கள், சுமக்கும் எடையை யாரும் தொடவில்லையே! ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுதான் ஏற்றலாம் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணைவிட அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். 7,500 பவுண்டு டிரெய்லர் கொக்கியில் 10 முதல் 15 சதவீதம் அழுத்தும். 13 என்று வைத்தால் 975 பவுண்டு. அதோடு நான்கு பேர், ஐஸ் பெட்டி, சைக்கிள், டிரெய்லரை மாட்டும் ஹிட்ச். 1,700-ஐத் தொட்டுவிடும்.

டீசல் எஞ்சின் சில நூறு பவுண்டு கூடுதல் எடை. அந்த எடை முழுவதும் இந்த எண்ணிலிருந்துதான் கழியும். நாளைக்கு 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீலுக்கு (பிக்கப்பின் தளத்தில் மாட்டும் பெரிய டிரெய்லர்) மாறினால் 20 சதவீதமே 2,400 வரும். இழுக்கச் சக்தி இருந்தும் அதைச் சுமக்க முடியாத டீசல் எஃப்-250-கள் ஏராளம். அப்போது அதிகம் சுமக்கும் எஃப்-350 வேண்டியிருக்கும். எஞ்சினைப் பிறகு பேசலாம், முதலில் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

நெடுஞ்சாலைவாசி:
நேற்று போய் இரண்டு கதவையும் திறந்து பார்த்தேன். ஒரே வகைக் கேபின்தான். பெட்ரோல் வண்டியில் 3,000-க்குச் சற்று மேல், டீசலில் 2,200-க்குப் பக்கம். இந்த டிரெய்லருக்கு இரண்டுமே போதும். ஆனால் டீசலில் மிச்சம் 500 பவுண்டுதான், பெட்ரோலில் 1,300. என் மனம் பெட்ரோல் பக்கம் சாய்கிறது. இறக்கத்தைப் பற்றி மலைப்பாதை அண்ணா சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை:
10 கியர் இருக்கிறது. டோ ஹால் மோடில் (இழுவைக்கான ஓட்டுமுறை) போட்டால் இறக்கத்தில் தானே கியரைக் குறைத்துப் பிடிக்கும். டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கண்ட்ரோலரை வீட்டுப் பக்கத்திலேயே சரியாக அமைத்துவிட்டுக் கிளம்புங்கள். உச்சியைத் தாண்டும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வாங்கும்போது 4.30 ஆக்ஸில் (அச்சின் கியர் விகிதம்) கேளுங்கள், 3.73 வேண்டாம். இழுவைக்கு அதுதான் பெரிய வித்தியாசம் தரும்.

மலைப்பாதை:
4.30 போட்டால் அலுவலகம் போகும் நாளெல்லாம் மைலேஜ் குறையும், அதை ஏன் சொல்லவில்லை? நெடுஞ்சாலைவாசி, கையெழுத்துப் போடும் முன் டீசல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, டிரெய்லரைக் கட்டி, இறக்கத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் பெட்ரோல்தான் என்றால் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

மிட்லண்ட்காரன்:
வாடகைக்கு எடுக்கும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல வாடகை நிறுவனங்கள் பிக்கப்பில் டிரெய்லர் கட்ட அனுமதிப்பதில்லை. அனுமதிக்கிற இடம் கிடைத்தால் ஆஸ்டினுக்கு மேற்கே உள்ள மலைச் சாலைகளிலேயே ஓட்டிப் பார்க்கலாம், அதற்காகக் கொலராடோ வரை போக வேண்டாம்.