புறொயிலர் தீனில் சேர்மானங்கள்: மருந்தா, உள்ளியா, வெறும் தீனா?

கோப்பாய்ப் பண்ணையாளர்:
குஞ்சு இறங்கிய நாள் தொட்டுக் குடிதண்ணீரில் ரெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிறிதளவு கலந்துவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் சிலரிடம் இருக்கிறது. நோய்க்காக அல்ல, வளர்ச்சிக்காகவாம். வளர்ச்சியூக்கியாக நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதைச் சுவீடன் 1986இலேயே தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியிலிருந்து முற்றாக நிறுத்தியது. அங்கே கோழி வளராமல் போய்விடவில்லை. மஞ்சள், உள்ளி, முருங்கையிலைத் தூள் ஆகியவற்றைத் தீனில் கலந்தால் அதே பலன் கிடைக்கும்போது மருந்துக் கடைக்கு ஏன் போகவேண்டும்?

தென்மராட்சியான்:
மருந்து வேண்டாம் என்பதில் உங்களோடு நிற்கிறேன். "அதே பலன்" என்பதை ஏற்கமாட்டேன். மஞ்சளிலுள்ள குர்க்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அதன் அளவும் தூளுக்குத் தூள் மாறும். முருங்கையிலையில் புரதம் உண்டுதான், ஆனால் அளவு கூடினால் நார் மிகுந்து குஞ்சு தீன் எடுப்பது குறையும். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் 2020இல் மஞ்சள் விற்ற விலையையும் மறந்துவிட்டீர்கள் போலும். ஐரோப்பாவைக் காட்டுபவர்கள், இரத்தக்கழிச்சலைத் தடுக்கும் சலினோமைசின் போன்றவை 2006க்குப் பின்னரும் அங்கே தீனில் அனுமதிக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கால்நடை மருத்துவ மாணவி:
ஐயா இருவரும் தீன் மூட்டையைப் பார்க்கிறீர்கள், கிணற்றைப் பார்க்கவில்லை. வலிகாமத்துச் சுண்ணக்கல் நீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் நீர். அதிலுள்ள கல்சியம் ரெட்ராசைக்கிளினைப் பிணைத்துக்கொள்வதால் மருந்தின் ஒரு பகுதி உறிஞ்சப்படாமலே எச்சத்தோடு வெளியேறுகிறது. நோயைக் கொல்லப் போதாமல், கிருமிக்கு எதிர்ப்பாற்றலைப் பழக்குவதற்கு மட்டும் போதுமான அளவே மிஞ்சும். குடற்கிருமியைக் குறைக்கவென்று குடிதண்ணீரில் சேதன அமிலம் விடுவோருக்கும் இதே தொல்லை: நீரின் காரத்தன்மை அமிலத்தின் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், பீஎச் தாளை அந்நீரில் நனைத்துப் பாராமல் போத்தலில் அச்சிட்ட அளவை ஊற்றுவது காசைக் கானில் ஊற்றுவதுதான். குடலுக்கு நன்மை செய்யவெனக் கொடுக்கும் புரோபயோட்டிக்கைக் குளோரீன் இட்ட தண்ணீரில் கரைத்தால் அதிலுள்ள உயிருள்ள பற்றீரியாக்கள் செத்துப்போகும். பெலட் தீன் தயாரிக்கும் சூட்டையும் அவற்றில் லக்ரோபசிலசு வகை தாங்காது. வித்தி வடிவிலுள்ள பசிலசு வகை தாங்கும்.

பைற்றேஸ் நொதியத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காதது எனக்கு வியப்பு. சோளத்திலும் சோயாவிலும் உள்ள பொசுபரசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கோழிக்குப் பயன்படாத வடிவில் கிடக்கிறது, அதை விடுவித்துக் கொடுப்பது இந்த நொதியம். சேர்மானங்களில் கணக்குத் தெளிவாகத் தெரிவது இதில்தான்.

கோப்பாய்ப் பண்ணையாளர்:
பிள்ளை சொல்வது படிப்புக்குச் சரி. சில நூறு குஞ்சு வளர்ப்பவர் தீனைத் தானே கலப்பதில்லை. கம்பனி மூட்டையில் நொதியம் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. உள்ளி அவர் கைக்கு எட்டுவது. நான் உள்ளி கொடுத்த தொகுதியில் கழிச்சலே வரவில்லை.

தென்மராட்சியான்:
அந்தத் தொகுதிக்குப் புது உமி போட்டிருந்தீர்களா, பழைய கூளமா? இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி, எச்சத்தோடு விழுந்தபின் ஈரமும் சூடும் உள்ள கூளத்திலேதான் தொற்றும் நிலைக்கு வருகிறது. தண்ணீர்க் கிண்ணத்தடி உமியை அள்ளிப் பிடித்துப் பாருங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால் எந்தச் சேர்மானமும் உதவாது. ஒரே பொரிப்பகத்து ஒரே நாள் குஞ்சுகளை வலை கட்டி இரு பாதியாகப் பிரித்து, ஒரே கூளமும் ஒரே கிணற்று நீரும் கொடுத்து, 35ஆம் நாள் உயிர் எடையையும் அதுவரை தின்ற தீனையும் நிறுத்துச் சொன்னால் மட்டுமே உள்ளியின் பெயரில் எதையும் எழுதலாம். ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீன் சென்றது என்பதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

கோப்பாய்ப் பண்ணையாளர்:
சம்மதம். ஒரு பக்கம் உள்ளி, மறுபக்கம் வெறும் தீன். மருந்துக்கு என் கொட்டிலில் இடமில்லை. உள்ளிக்கான செலவையும் கணக்கில் சேர்ப்பேன், தராசை நீங்களே கொண்டுவாருங்கள்.

கால்நடை மருத்துவ மாணவி:
எடை பார்க்கும்போது செத்த குஞ்சுகளின் எண்ணிக்கையையும் பக்கவாரியாக எழுதி வையுங்கள், ஐயா. அதை விட்டுவிட்டால் சராசரி எடை பொய் சொல்லும்.