தி கரண்ட் வார்: எடிசன் வில்லனா?

பழையரீல்:
‘தி கரண்ட் வார்’ படத்தை ப்ளூ-ரேயில் மறுபடி பார்த்தேன். ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரத்தை விற்ற எடிசனுக்கும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தை விற்ற தொழிலதிபர் வெஸ்டிங்ஹவுஸுக்கும் நடந்த போட்டிதான் கதை. 2017 டொரொண்டோ விழாவில் அடி வாங்கி, தயாரிப்பாளர் வைன்ஸ்டீன் மீது பாலியல் புகார்கள் வெடித்ததும் பெட்டிக்குள் முடங்கி, இயக்குநரே திரும்ப வெட்டி ஒட்டி 2019-இல் அமெரிக்கத் திரைக்கு வந்த படம். நீளத்தைக் குறைத்தது நல்லதாகப் போயிற்று. வெஸ்டிங்ஹவுஸாக வரும் மைக்கேல் ஷானன் குரலை உயர்த்தாமலே ஜெயிக்கிறார். எடிசன் வில்லன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏசி மின்சாரத்தின் பெயரைக் கெடுக்க மின் நாற்காலிக்கு ரகசியமாக உதவியவர் வேறு யாராம்?

ஃபியூஸ்போனவன்:
நாற்காலிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை சார். 1890 ஆகஸ்டில் நியூயார்க் மாநில ஆபர்ன் சிறையில், மின் நாற்காலியில் முதன்முதலாக உட்காரவைக்கப்பட்ட கைதி கெம்லர் முதல் தடவையில் சாகாமல், இரண்டாம் முறை மின்சாரம் பாய்ச்சியதைப் படித்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் உயர் அழுத்தக் கம்பி ஆபத்து என்று எடிசன் சொன்னது வெறும் வியாபாரப் புளுகு இல்லை. 1889 அக்டோபரில், நியூயார்க் தெருவில் கம்பம் ஏறி வேலை செய்த ஜான் ஃபீக்ஸ் என்ற லைன்மேன், கீழே கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க கம்பிகளுக்கு நடுவே கருகிச் செத்தார். எடிசன் தன் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தவர்.

பழையரீல்:
சரி, புதைத்தார். அந்தக் கரண்ட் ஒரு மைலைத் தாண்டியதா?

மின்கம்பம்:
தாண்டாது. ஏன் தாண்டாது என்று படம் ஒழுங்காகச் சொல்லவில்லை, அதுதான் என் ஆத்திரம். 110 வோல்ட்டில் அனுப்பினால் பாதி வழியிலேயே கம்பி சூடாகி வீணாகும். வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால் அதே பவருக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். இழப்போ நூறில் ஒன்றாகிவிடும். ஏற்றி இறக்க டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அது ஏசிக்குத்தான் மசியும். 1886-இல் அமெரிக்காவின் கிரேட் பாரிங்டன் ஊரில் வெஸ்டிங்ஹவுஸின் பொறியாளர் வில்லியம் ஸ்டான்லி இதை ஓட்டியே காட்டிவிட்டார்.

பழையரீல்:
படம் பார்க்க உட்கார்ந்தவனுக்குப் பாலிடெக்னிக் கிளாஸா?

மின்கம்பம்:
இரண்டு நிமிடம் போதுமே! போகட்டும், ஏசி மோட்டாரைக் கண்டுபிடித்த டெஸ்லாவையாவது ஒழுங்காகக் காட்டினார்களா? அவருடைய மோட்டார் காப்புரிமையை 1888-இல் வெஸ்டிங்ஹவுஸ் வாங்கிய பிறகுதான் ஏசி விளக்கெரிப்பதைத் தாண்டித் தொழிற்சாலைக்குள் போனது. படத்தில் டெஸ்லாவாக நிக்கலஸ் ஹோல்ட் நல்ல கோட்டு போட்டு வந்து போகிறார், அவ்வளவுதான்.

ஃபியூஸ்போனவன்:
அதில் உங்கள் கட்சிதான். ஆனால் எடிசனும் முழுசாகத் தோற்கவில்லை. நியூயார்க்கில் கடைசி டிசி இணைப்பைத் துண்டித்ததே 2007-இல்.

மின்கம்பம்:
அதைவிட வேடிக்கை, சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம் தமிழ்நாட்டுப் புகளூர் வரை 800 கிலோவோல்ட் டிசியிலேயே 6000 மெகாவாட் கொண்டுவரும் லைன் போட்டிருக்கிறார்கள். இந்தத் தூரத்துக்கு இப்போது டிசிதான் சிக்கனம். அன்றைக்கு டிசி வோல்ட்டை ஏற்றி இறக்கச் சாதனம் இல்லை, இன்றைக்கு இருக்கிறது.

பழையரீல்:
புகளூர் பக்கம் போனால் எடிசனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். நாற்காலிக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும்.