மறதிநோய் உள்ளவர்களின் வீடுகளுக்கு வாரம் ஒரு மாலை துணை வேண்டும்

நண்பர்களே, வணக்கம். டிமென்ஷியா உள்ள அப்பா அம்மாவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் நம் பகுதியில் பலர். அவர்கள் கொஞ்சம் ஓய்வெடுக்க, வாரம் ஒரு நாள் மாலை 4 முதல் 7 மணி வரை வீட்டில் துணைக்கு இருக்க ஆட்கள் வேண்டும். பொழுது சாயும் நேரத்தில்தான் பலருக்குப் பதற்றம் கூடும். சொந்த வீட்டிலேயே "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்கள்.

இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். நிழல்கூட ஆள் நிற்பதுபோல் தெரிந்து பயமுறுத்தும். "இதுதானே உங்க வீடு" என்று வாதாடாதீர்கள். "போலாம், முதல்ல பால் குடிங்க" என்று பேச்சை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். எதைக் கொடுத்தாலும் நிமிர்ந்து உட்காரவைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்கவிட வேண்டாம், புரையேறும். மாத்திரை கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் உங்கள் வேலை அல்ல.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டதாக நினைக்காமல் வீட்டாரிடம் உடனே சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைவு போன்றவை காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒரு வீட்டுக்கு ஒரே இருவர் மாறி மாறிப் போவதுதான் நல்லது. புதுமுகங்கள் வந்துகொண்டே இருந்தால் மிரண்டுவிடுவார்கள்.

பொருளாகத் தர விரும்புவோர் குளியலறைக்குக் கைப்பிடியுள்ள உறுதியான பிளாஸ்டிக் நாற்காலி, வழுக்காத ரப்பர் விரிப்பு, பெரியவர்களுக்கான டயப்பர் தரலாம். வரக்கூடியவர்கள் கிழமையையும் ஏரியாவையும் சொல்லுங்கள்.